கழிவறையில் கொட்டிவிட்டு வந்த இரண்டேகால் லிட்டர்: அரசு மருத்துவமனை முதல்வருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும், சிறுநீரியல் துறைத் தலைவர் அவர்களுக்கும்,

கடந்த ஆகஸ்ட் மாதம் ஒரு புதன்கிழமை காலை ஏழே முக்காலுக்கு உங்கள் மருத்துவமனையின் ஆய்வகச் சன்னல் முன்னால் நின்றிருந்தேன். கையில் மஞ்சள் பை, பைக்குள் ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன். கேனில் இருந்தது, சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வரும் என் கணவரின் இருபத்து நான்கு மணி நேரச் சிறுநீர். இரண்டு பேருந்து மாறி, மடியில் வைத்து, மூடி கசிகிறதா என்று நூறு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். சன்னலுக்கு மேலே புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. “24 மணி நேர சிறுநீர் மாதிரிகள் இனி பெறப்பட மாட்டாது.” கையொப்பம் இல்லை. தேதி இல்லை. காரணமும் இல்லை.

உள்ளே இருந்த பெண்ணைக் கேட்டேன். அவர் கடுமையாகப் பேசவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். “மேல இருந்து ஆர்டர்ங்கம்மா. வைக்க இடமில்ல, வாடை வருதுன்னு கம்ப்ளெயின்ட். இந்தச் சின்ன டப்பால ஒரு தடவை புடிச்சுக் குடுத்துட்டுப் போங்க, அதுவே போதும்” என்றார். அரை மணி நேரம் அங்கேயும் இங்கேயும் அலைந்தேன். பிறகு பெண்கள் கழிவறைக்குப் போய், கேனைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, கழுவி எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினேன். முதல் பாடவேளைக்குப் போய்ச் சேர முடியவில்லை.

அன்று நிலைய மருத்துவ அலுவலர் அறையில் கொடுக்க நினைத்த மனுவை மறுவாரம் எழுதிக் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். ஐந்து வாரம் ஆகியும் பதில் வராததால் இதைப் பொதுவில் எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரையும் ஊரையும் எழுதாமல் விட்டது வேண்டுமென்றேதான். படிக்கும் உங்களுக்கு உங்கள் சன்னல் எது என்று தெரியும். மற்றவர்கள் அவரவர் ஊர்ச் சன்னலைப் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் ஒரு மெட்ரிக் பள்ளியில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். என் கணவர் பவுண்டரியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறார். உருகிய இரும்பை அச்சில் ஊற்றும் இடத்தில் வேலை. 2012-இல் அவருக்கு முதல் கல் வந்தது. அதிர்வலை கொடுத்து உடைத்தார்கள். 2017-இல் இரண்டாவது. சிறுநீர்க் குழாய் வழியாகக் கருவியை விட்டு எடுத்து, சிறுநீர் அடைபடாமல் இறங்க உள்ளே டி.ஜே. ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாய் வைத்து அனுப்பினார்கள். கூலிக்காரர் என்பதால் பத்தாம் நாளே ஸ்டென்ட்டோடு வேலைக்குப் போனார். ஷிப்ட் முடிந்து வரும்போது சிறுநீர் கருஞ்சிவப்பாக இருக்கும். 2024 நவம்பரில் மூன்றாவது. இந்த முறை முதுகில் துளை போட்டு எடுத்தார்கள். அரசுக் காப்பீட்டு அட்டையில் அந்த அறுவை முழுவதும் நடந்தது. அறுவை செய்த மருத்துவர்களின் கைத்திறனைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று முறையும் அவரை வலியிலிருந்து மீட்டவர்கள் நீங்கள்தான்.

என் குறை, கல்லை எடுத்த பிறகு நடந்ததைப் பற்றியது.

மூன்று முறையும் வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னது ஒன்றுதான். “நெறையத் தண்ணி குடிங்க. பால், தயிர் வேண்டாம். தக்காளி, கீரை வேண்டாம்.” இரண்டாவது, மூன்றாவது முறைகளில் இதோடு ஒரு திட்டும் சேர்ந்துகொண்டது. “சொன்னா கேக்கிறதில்ல. தண்ணி குடிச்சிருந்தா திரும்ப வருமா?” 2024-இல் வார்டில் எல்லோர் முன்பும் இதைக் கேட்டபோது அவர் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு என்னிடம் மட்டும் சொன்னார்: “நான் குடிக்கிறேன். நீயே பாட்டில் கட்டிக் குடுக்கிற. யார்கிட்டப் போயி இத நிரூபிக்கிறது?” தினமும் இரண்டு லிட்டர் பாட்டில் இரண்டு நான்தான் நிரப்பிக் கொடுப்பேன். இரண்டும் காலியாகத்தான் திரும்பி வரும். ஆனாலும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வழியில் கீழே ஊற்றிவிட்டு வருகிறாரோ என்று நானே ஒரு காலத்தில் சந்தேகப்பட்டிருக்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகள் அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை, நான் உட்பட.

அவர் சொன்னது உண்மை என்று காட்டியது அந்த வெள்ளைக் கேன்தான்.

மூன்றாவது அறுவைக்குப் பிறகு உங்கள் துறையில் பயிற்சியில் இருந்த ஒரு பி.ஜி. டாக்டர், வயதில் என் மாணவர்களைவிடக் கொஞ்சம்தான் பெரியவர், ஓ.பி. சீட்டில் 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை என்று எழுதினார். “ஒருத்தருக்கு மூணு தடவை கல்லு வந்திருக்குன்னா ஏன் வருதுன்னு பாக்கணும்மா. எடுத்துட்டே இருக்க முடியாது” என்றார். பன்னிரண்டு ஆண்டுகளில் ‘ஏன்’ என்ற சொல்லை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரை விட்டுவிட வேண்டும். அதன் பிறகு ஒரு சொட்டுகூட விடாமல் சேர்த்து, மறுநாள் அதே நேரத்துக்குக் கழிக்கும் முதல் சிறுநீரையும் சேர்த்தால் ஒரு நாள் கணக்கு. ஆய்வகத்தில் கேனைக் கொடுத்தபோது இதை யாரும் சொல்லவில்லை. “ஞாயித்துக்கிழமை சேத்து திங்கக்கிழமை கொண்டாங்க” என்பதோடு முடித்துக்கொண்டார்கள். கேனின் அடியில் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றியிருந்தது. கால்சியமும், அதோடு சேர்ந்து கல்லாகும் ஆக்சலேட்டும் அடியில் படியாமல் இருக்க அது தேவைதான். ஆனால் கேன் மேல் ஓர் எச்சரிக்கை எழுத்துகூட இல்லை. மூடியைத் திறந்ததும் வந்த நெடியை வைத்து நான் கண்டுகொண்டேன். தனிக் குவளையில் பிடித்து மெதுவாக ஊற்றச் சொன்னேன். வேதியியல் தெரியாத வீட்டில் நேரடியாகக் கேனிலேயே கழித்திருப்பார்கள். அமிலம் தெறித்தால் எங்கே படும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கேனில் 1,850 மி.லி. இருந்தது. பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு. அறிக்கையில் பி.எச்., அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண் (குறையக் குறைய அமிலம் அதிகம்), 2-க்கும் கீழே போட்டு வந்தது. அமிலம் ஊற்றிய கேனில் பி.எச். பார்த்தால் ஊற்றிய அமிலத்தின் பி.எச்.தான் வரும். பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த விஷயம் எப்படி முத்திரை குத்தி வெளியே வந்தது? யூரிக் அமிலக் கணக்கும் அப்படியே. அமிலத்தில் யூரிக் அமிலம் படிந்துவிடும், அளவு குறைத்துக் காட்டும். அதற்கு அமிலம் இல்லாத கேன் தனியாக வேண்டும்.

பி.ஜி. டாக்டர் அறிக்கையைப் பார்த்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார். “ஞாயித்துக்கிழமை அவர் உலைகிட்டயா நிக்கிறாரு?” வேலைநாளில் மறுபடி சேர்க்கச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை கேனை பவுண்டரிக்குக் கொண்டுபோவதற்கு என் கணவர் பட்ட கூச்சத்தை நான் சொல்லி முடியாது. நாற்பது பேருக்கு ஒரே கழிவறை. மஞ்சள் பைக்குள் கேனைப் போட்டு, ஒரு மூலையில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். மதியத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் கேலி செய்யவில்லை. ஒவ்வொருவராக வந்து, தங்களுக்கும் கல் வந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு கூடத்திலேயே ஐந்து பேர். ஒருவருக்கும் இந்தப் பரிசோதனையைப் பற்றித் தெரியாது.

மறுநாள் காலை கேனைத் தூக்கியபோதே தெரிந்தது. 760 மி.லி. நான்கு லிட்டர் தண்ணீர் குடித்தவரின் ஒரு நாள் சிறுநீர் முக்கால் லிட்டர்தான். மிச்சமெல்லாம் உலையடியில் வியர்வையாகப் போயிருந்தது. சேர்த்ததில் ஏதும் விட்டுப் போயிருக்குமோ என்று ஐயப்பட இடமில்லை. தசையிலிருந்து நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் வெளியேறும் கழிவான கிரியாட்டினின் 1,230 மி.கி. வந்தது. ஆண்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 20 மி.கி. வர வேண்டும். அவர் எடை 62 கிலோ. ஒரு சொட்டும் தவறவில்லை.

குடிக்கும் தண்ணீரைக் கணக்கு வைத்து அறிவுரை சொல்வது மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்பவருக்குச் சரியாக இருக்கலாம். உலைக்காரருக்கு, செங்கல் சூளைக்காரருக்கு, உப்பளத்துப் பெண்ணுக்கு, சாலையில் தார் ஊற்றுபவருக்கு வெளியே வரும் அளவைத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாளொன்றுக்குக் குறைந்தது இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்கு நீர் குடிக்கச் சொல்கிறது. குடிக்கும் லிட்டரை அது சொல்லவில்லை, கழியும் லிட்டரைச் சொல்கிறது. இந்த வேறுபாட்டை மூன்று முறை படுத்து எழுந்த பிறகுதான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

மற்ற எண்களையும் கேளுங்கள். கால்சியம் 170 மி.கி., இயல்பு. ஆக்சலேட் 31 மி.கி., இயல்பு. யூரிக் அமிலம் 610 மி.கி., அதுவும் இயல்பு. கல் சேராமல் தடுக்கும் சிட்ரேட் 210 மி.கி., குறைவு. ஆக்சலேட்டையும் சிட்ரேட்டையும் உங்கள் ஆய்வகத்தில் பார்ப்பதில்லை என்றார்கள். வெளியே காசு கொடுத்துப் பார்த்தோம். எங்கள் வீட்டின் ஒரு மாத மளிகை அதில் போயிற்று. பி.எச்.சை நானே பார்த்தேன். பள்ளி ஆய்வுக்கூடத்திலிருந்து நிறத்தாள் வாங்கி வந்து, ஒரு வாரம் ஒவ்வொரு முறையும் புதுச் சிறுநீரில் தொட்டுப் பார்த்துக் குறித்தேன். பெரும்பாலும் 5. சில நேரம் 5.5. அதற்கு மேல் ஏறவே இல்லை.

இனி நான் வகுப்பில் நடத்துவதைப் போலச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். யூரிக் அமிலத்தின் பி.கே.ஏ., அதாவது அதில் பாதி அமிலமாகவும் பாதி யூரேட் என்னும் உப்பு வடிவிலும் இருக்கும் பி.எச்., ஏறத்தாழ 5.5. அதற்குக் கீழே பி.எச். இருந்தால் அது பெரும்பாலும் கரையாத அமிலமாகவே கிடக்கும். மேலே ஏற ஏற யூரேட்டாகிக் கரையும். கணக்குப் போட்டால் பி.எச். 5-இல் கரைவதைப் போல எட்டு மடங்குக்கு மேல் 6.5-இல் கரையும். என் கணவரின் 610 மி.கி. யூரிக் அமிலம் முக்கால் லிட்டரில் இருந்தது, அதாவது லிட்டருக்கு 800 மி.கி. அதுவும் பி.எச். 5-இல். கல் வராமல் என்ன செய்யும்? அதே 610 மி.கி. இரண்டரை லிட்டரில் பரவி, பி.எச்.சும் 6.5-க்கு ஏறியிருந்தால் அது கரைந்தே போயிருக்கும். அவர் உடம்பில் யூரிக் அமிலம் அதிகமாக ஊறவில்லை. ஊறியது கரைய வழியில்லாமல் இருந்தது.

2017-இல் சாதாரண எக்ஸ்ரேயில் கல் தெரியவில்லை, ஸ்கேனில் மட்டும் தெரிந்தது. எக்ஸ்ரேயில் தெரியாத கல் என்றால் யூரிக் அமிலக் கல்லாக இருக்கலாம் என்பது சிறுநீரியல் படித்த யாருக்கும் தெரிந்த பாடம். அந்தக் குறிப்பு கேஸ் தாளிலேயே இருக்கிறது. யாரும் அதைத் தொடர்ந்து போகவில்லை. எடுத்த கல்லைக் குட்டிப் பாட்டிலில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். அது ஏழு ஆண்டுகளாக எங்கள் பீரோ மேல் இருந்தது. அதைப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். யூரிக் அமிலக் கல்லைச் சிறுநீரின் பி.எச்.சை ஏற்றி மருந்தாலேயே கரைக்க வாய்ப்புண்டு. அப்படியென்றால் 2024-இல் என் கணவரின் முதுகில் போட்ட துளை தேவைதானா என்று நான் இரவில் கேட்டுக்கொள்கிறேன். உங்களிடமும் கேட்கிறேன்.

இத்தாலியில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலைத் தொழிலாளர்களை ஆராய்ந்து 1993-இல் கட்டுரை வெளிவந்திருக்கிறது. வெப்பத்தில் நின்றவர்களில் 8.5 விழுக்காட்டினருக்குக் கல் இருந்தது, சாதாரண வெப்பத்தில் வேலை செய்தவர்களில் 2.4 விழுக்காட்டினருக்கு. கல் வந்த வெப்பத் தொழிலாளர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 39 பேருக்கு யூரிக் அமிலக் கல். நான் இதைப் படித்தபோது என் கணவரின் கேஸ் தாளையே படிப்பது போல இருந்தது. உலையில் வேலை என்பது 2012 முதல் ஒவ்வொரு ஓ.பி. சீட்டிலும் ‘தொழில்’ என்ற இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

பாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் அவர் பால், தயிர் தொடவில்லை. அவருக்குத் தயிர்ச்சோறு என்றால் உயிர். பொங்கலுக்குக்கூட அவருக்கு மட்டும் பால் இல்லாமல் தனியாக வைப்பேன். பிள்ளைகள் தயிர் ஊற்றிச் சாப்பிடும்போது எழுந்து போய்விடுவார். கேனில் பார்த்தால் கால்சியம் இயல்பு. அவர் கல்லுக்கும் பாலுக்கும் தொடர்பே இல்லை. கால்சியம் கல் உள்ளவர்களுக்கே பாலை நிறுத்துவது நல்லதில்லை என்று 2002-இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வு காட்டுகிறது. சிறுநீரில் கால்சியம் அதிகமாகப் போகும், கல் திரும்பத் திரும்ப வரும் ஆண்கள் 120 பேரை அறுபது அறுபதாகப் பிரித்து ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். கால்சியத்தைக் குறைத்து உண்டவர்களில் 23 பேருக்குக் கல் திரும்ப வந்தது. கால்சியத்தை வழக்கம்போல் உண்டு, உப்பையும் இறைச்சிப் புரதத்தையும் குறைத்தவர்களில் 12 பேருக்கு மட்டும். குடலில் கால்சியம் இருந்தால் அது ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியே கொண்டுபோகும் என்பது இதன் காரணம். தக்காளியில் ஆக்சலேட் குறைவுதான். அதையும் நிறுத்தச் சொன்னீர்கள். தக்காளி இல்லாமல் ஒரு தமிழ் வீட்டில் குழம்பு வைத்துப் பாருங்கள், எவ்வளவு பெரிய தண்டனை என்று தெரியும்.

2025 பிப்ரவரியில் இந்த முடிவுகள் வந்த பிறகு, இரத்தத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்த்துவிட்டு, சிறுநீரின் பி.எச்.சையும் சிட்ரேட்டையும் ஏற்றும் பொட்டாசியம் சிட்ரேட் மருந்து கொடுத்தார்கள். பவுண்டரி மேற்பார்வையாளரிடம் அறிக்கையைக் காட்டி, தண்ணீர் கேனை உலைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னோம், வைத்தார். மாலையிலும் படுக்கும் முன்பும் கூடக் குடிக்கப் பழகினார். இரவில் ஒரு முறை எழுவது வழக்கமாயிற்று. தயிர்ச்சோறு திரும்பி வந்தது.

மருந்து தொடங்கி ஆறு மாதத்துக்குள், அது வேலை செய்கிறதா என்று மறுபடி 24 மணி நேரச் சிறுநீரைப் பார்க்க வேண்டும். இது நான் சொல்வதல்ல. நான் மேலே சொன்ன 2014 வழிகாட்டுதலே அப்படித்தான் சொல்கிறது. அதற்குத்தான் ஆகஸ்டில் கேனோடு வந்தேன். மீண்டும் வேலைநாளில் சேர்த்தது. கேனில் நானே கோடு போட்டு வைத்திருந்ததால் அளவு தெரியும், 2,250 மி.லி. ஆறு மாதத்தில் மும்மடங்கு. அந்த அளவை எட்ட அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். சிட்ரேட் ஏறியதா, மருந்து அளவு சரிதானா, எதுவும் தெரியாமல் கழிவறையில் கொட்டிவிட்டு வந்தேன். மருந்து கூடிப்போய் பி.எச். 7-ஐத் தாண்டினால் கால்சியம் பாஸ்பேட் கல்லுக்கு வழியாகும். ஒரு கல்லைத் தடுக்கப் போய் இன்னொரு கல்லை வரவழைக்கக் கூடாது என்பதற்காகத்தானே இந்தப் பரிசோதனை?

நீங்கள் சொல்லியனுப்பிய காரணங்களுக்கு வருகிறேன். இடமில்லை, வாடை, ஆள் போதவில்லை. மூன்றுமே உண்மை. அந்தச் சன்னலில் காலை எட்டு மணிக்கு நிற்கும் வரிசையைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருக்கும் இரண்டு பேர் நூற்றுக்கணக்கான இரத்தக் குழாய்களில் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் கேன் முழுவதும் ஆய்வகத்துக்கு வரத் தேவையே இல்லை. வீட்டிலேயே மொத்த அளவைக் குறித்துக்கொண்டு, நன்றாகக் குலுக்கிக் கலந்து, அதிலிருந்து 100 மி.லி. மட்டும் சிறிய பாட்டிலில் கொண்டுவந்தால் போதும். அளவுக் கோடு போட்ட கேனும் இரண்டு சிறு பாட்டிலும் கொடுத்துவிட்டால் இடமும் அடையாது, வாடையும் வராது. நிறுத்துவதற்கு முன் இந்த வழியை யாராவது யோசித்தீர்களா?

ஒரு தடவை பிடித்துக் கொடுத்தால் போதும் என்பதை நான் ஏற்க முடியாது. புரதத்துக்கு அது சரி. கல்லுக்குச் சரியில்லை. காலையில் ஒரு பி.எச்., சாப்பிட்ட பின் ஒரு பி.எச். மதியம் உலையருகே சொட்டுச் சொட்டாக வருவது ஒரு அடர்த்தி, இரவில் வருவது ஒரு அடர்த்தி. மொத்த அளவு என்னும் முதல் எண்ணே சின்ன டப்பாவில் கிடைக்காது. என் கணவரைப் பன்னிரண்டு ஆண்டு அலைக்கழித்தது அந்த எண்தான்.

“ஸ்கேன்ல கல்லு இல்லைன்னா அப்புறம் என்னம்மா?” என்று ஓ.பி.யில் ஒருவர் கேட்டார். 2012-இலும் 2017-இலும் எடுத்த பிறகு ஸ்கேனில் கல் இல்லைதான். ஒரு முறை கல் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் மறுபடி வருகிறது என்பது நீங்கள் மாணவர்களுக்கு நடத்தும் பாடம். அதைத் தடுக்க முடியும் என்பதும் பாடம்தான். முதல் கல் வந்த 199 பேரை ஐந்து ஆண்டுகள் கவனித்து 1996-இல் வெளியான ஆய்வில், சிறுநீர் நாளுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் வரும்படி குடிக்கச் சொன்னவர்களில் 12 விழுக்காட்டினருக்குத்தான் கல் திரும்ப வந்தது. சொல்லாதவர்களில் 27 விழுக்காடு. அதற்கு மருந்துகூட இல்லை, அளந்து குடித்த தண்ணீர் மட்டும்.

நோயாளியின் சிறுநீரின் நிறம், எடை, மணம், நுரை பார்த்து, அதன் மேல் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு அது பரவும் விதம் பார்த்து நோயறிந்த சித்த மருத்துவ மரபு நம்முடையது. நீர்க்குறி, நெய்க்குறி என்று அதற்குப் பெயரே இருக்கிறது. கல்லடைப்பு என்று என் பாட்டி சொன்ன நோய்க்கு இன்று நம்மிடம் லேசர் இருக்கிறது, சி.டி. இருக்கிறது. சிறுநீரைப் பார்க்க மட்டும் சன்னல் இல்லை.

ஆகவே என் கோரிக்கைகளை எழுத்தில் வைக்கிறேன், எழுத்தில் பதில் வேண்டும்.

சன்னலில் ஒட்டிய தாளை எடுத்துவிட்டு, 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனையை மீண்டும் தொடங்குங்கள். கல் இரண்டாம் முறை வந்த ஒவ்வொருவருக்கும், முதல் முறையே ஆனாலும் உலை, சூளை, உப்பளம் போன்ற வெப்பத்தில் வேலை செய்வோருக்கும், ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர்களுக்கும், குழந்தைகளுக்கும் இதைத் துறையின் வழக்கமாகவே ஆக்குங்கள். ஒரு நல்ல பி.ஜி. டாக்டர் கண்ணில் படும் அதிர்ஷ்டத்தை நம்பி நோயாளிகள் இருக்கக் கூடாது. அளவு, பி.எச்., கால்சியம், யூரிக் அமிலம், சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் ஆகியவற்றை உங்கள் ஆய்வகத்தில் இன்றே பார்க்கலாம். சிட்ரேட்டையும் ஆக்சலேட்டையும் வாரம் ஒரு நாள் சேர்த்து வைத்து வேறோர் அரசு ஆய்வகத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். அதுவரை பரிசோதனையையே நிறுத்தி வைக்க வேண்டாம். அளவுக் கோடு போட்ட கேனும் ஒரு தாள் நிறத்தாளும் இருந்தாலே இரண்டு முக்கியமான எண்கள் கிடைத்துவிடும்.

அமிலம் உள்ள கேனில் தமிழில் பெரிய எழுத்தில் எச்சரிக்கை ஒட்டுங்கள். அமிலம் இல்லாத பாட்டில் தனியாகக் கொடுங்கள். எப்படிச் சேர்ப்பது என்று ஒரு பக்கத் தாள் கொடுங்கள். அதில் ‘வேலைநாளில் சேர்க்கவும்’ என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். அந்தத் தாளை எழுதித் தர நானே தயார், கூலி வேண்டாம். அறுவையில் எடுக்கும் கல்லைப் பாட்டிலில் போட்டுக் கையில் கொடுத்து அனுப்பாமல் பரிசோதனைக்கு அனுப்புங்கள், முடிவை டிஸ்சார்ஜ் தாளில் எழுதுங்கள். பால், தக்காளி, கீரை வேண்டாம் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வதை நிறுத்துங்கள். சிறுநீர் முடிவைப் பார்த்த பிறகு, அந்தந்த ஆளுக்கு ஏற்றதைச் சொல்லுங்கள்.

வார்டில் படுத்திருப்பவரிடம் “தண்ணி குடிக்கலை” என்று சொல்வதற்கு முன் அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்கும்படி உங்கள் மருத்துவர்களுக்குச் சொல்லுங்கள். என் கணவருக்கு உங்களிடமிருந்து வேறெதுவும் வேண்டாம் என்கிறார், இது ஒன்றைத் தவிர.

அடுத்த மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அவர் மறுபடி பவுண்டரியில் சேர்க்கப் போகிறார். அந்த ஐந்து பேரில் மூவர் தாங்களும் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். புதன்கிழமை காலை ஏழே முக்காலுக்கு நான்கு பேரின் மாதிரிகளோடும் அதே சன்னலுக்கு வருவேன். வாங்கிக்கொள்ள ஆள் இருக்கும்படி உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சிறுநீரியல் புறநோயாளி ஒருவரின் மனைவி, வேதியியல் ஆசிரியை